கல்லுப்புக்கு மாறினால் கால் வீக்கம் வற்றுமா?

"தூளுப்பை விட்டு மூன்று மாதம் ஆகிறது மிஸ். கால் மட்டும் வற்றவே இல்லை."

வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர். செருப்பு வாரின் தடம் இரண்டு பாதங்களிலும் ஆழமாகப் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது, அது நிரம்ப நேரம் எடுத்தது. "கடல் உப்பு இயற்கையானது, உடம்பில் நீர் தங்காது" என்று வெளிநாட்டில் இருக்கும் மகள் சொன்னாராம். அதை நம்பி, சாதாரண உப்பைவிடப் பல மடங்கு விலையுள்ள பக்கெட்டை வாங்கிச் சமைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீது அல்ல, அந்தப் பக்கெட்டின் மீது. நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து உப்பு வெட்டும் நாடுகளில் 'கடல் உப்பு' என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கலாம். இலங்கையில் ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைவதெல்லாம் கடல் உப்புத்தான். அதையே கழுவி அரைத்தால் தூளுப்பு, அரைக்காமல் விட்டால் கல்லுப்பு.

"தாதுக்கள் இருக்கின்றனவே" என்பார்கள். உப்பளத்தில் உப்புப் பூத்ததும் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மகனீசியம் பெரும்பாலும் அந்த நீரோடு போய்விடும். போகாவிட்டால் உப்புக் கசக்கும், ஈரம் கசியும். வாரி எடுப்பதில் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட்டு; அதன் எடையில் 40 சதவீதம் சோடியம். கல்லாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இளஞ்சிவப்பு இந்துப்புக்கும் இதே கதிதான்.

நீர் எப்படித் தங்குகிறது என்பதற்கு வைத்தியசாலையில் ஏற்றும் சேலைன் போத்தலைத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு. நம் இரத்தத்தின் செறிவுக்கு நெருக்கமானது. அந்தச் செறிவை உடம்பு இலேசில் மாறவிடாது. உப்புக் கூடினால் தாகம் எடுக்கும், சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும். 9 கிராம் உப்பு வெளியேறாமல் நின்றால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரும் நிற்கும். தராசில் அது ஒரு கிலோ. நல்ல சிறுநீரகம் இரண்டொரு நாளில் இதைச் சரிசெய்துவிடும். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கு அந்த நீர் காலில் இறங்குகிறது, முற்றினால் நெஞ்சிலும் தேங்குகிறது.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தூளுப்பை ஒரு தேக்கரண்டி மட்டமாக அள்ளி மின்தராசில் வைத்துக் காட்டினேன்: கிட்டத்தட்ட 6 கிராம். கல்லுப்பு 4 கிராம் அளவில் நின்றது. இடையில் காற்று இருக்கிறதே. அம்மாவின் முகம் மலர்ந்தது. "கறிக்கு எத்தனை கரண்டி போடுவீர்கள்?" என்றேன். "ருசி வரும்வரை" என்றார். அப்படியென்றால் எடை ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது, எல்லாம் சேர்த்து. இந்த அம்மாவின் முந்தைய நாளை எழுதிப் பார்த்தோம். காலையில் பாணும் மாசி இடித்த கட்டைச் சம்பலும். மதியம் நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், அப்பளம், இரண்டு மோர் மிளகாய். மாலையில் பேரப்பிள்ளைகளோடு காலிமுகத்திடல் போய், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய அன்னாசி. அவர் மாற்றிய உப்பு சட்டியில் விழுவது மட்டுந்தான். கருவாட்டிலும் பாணிலும் இருப்பதை யாரும் மாற்றவில்லை.

அவருடைய கிளினிக் கொப்பியில் அம்லோடிபீன் என்ற இரத்த அழுத்த மாத்திரை இருந்தது. அந்த மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கருவாடு வாரத்தில் ஒரு நாள், அதுவும் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு என்று பேசி முடிவெடுத்தோம். புளிப்புக்குத் தேசிக்காயும் காரத்துக்கு மிளகும் இருந்தால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

'சோடியம் குறைந்த உப்பு' விடயத்தில் கவனம் தேவை. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பலருக்கு அது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில இரத்த அழுத்த மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். விலையுயர்ந்த உப்புகள் பலவற்றில் அயடீனும் இருப்பதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் பக்கெட்டைத் திருப்பி வாசித்துவிட்டு வாங்குங்கள்.

இதய நோயாளிகள் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலும் உப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.