பக்கத்துப் பல் வந்துவிட்டது, இது ஏன் வரவில்லை?

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று முளைத்து, ஜோடிப் பல் மட்டும் ஆறு மாதமாகியும் வரவில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பெற்றோர் அந்த ஆறு மாதத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். "பாட்டி நெல்லால ஈறைக் கீறிவிட்டாங்க டாக்டர், அப்பவும் முளைக்கல" என்பதை அடிக்கடி கேட்கிறேன். தயவுசெய்து கீறாதீர்கள். புண்தான் மிஞ்சும். சில பிள்ளைகளுக்கு ஈறு தடித்திருப்பதும் காரணம்தான், ஆனால் பல நேரம் தடை எலும்புக்குள் இருக்கிறது.

அப்படி வந்த ஒரு பையனுக்கு இடது முன்பல் முழுதாக இறங்கியிருந்தது. வலதுபக்கம் காலி, அந்த இடத்தை நோக்கி அடுத்த பல் சாயத் தொடங்கியிருந்தது. அண்ணத்தில் விரலை வைத்தால் கெட்டியாக ஒரு புடைப்பு. எக்ஸ்ரேயில் கூம்பு மாதிரி ஒரு குட்டிப் பல், தலைகீழாக, முனை மூக்கைப் பார்த்தபடி உள்ளே கிடந்தது. மீசியோடென்ஸ் என்று பெயர். கணக்கில் இல்லாமல் கூடுதலாக உருவாகும் பற்களில் இதுதான் அதிகம், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிலருக்கு வெளியே முளைத்து இரு முன்பற்களையும் விலக்கிவிடும்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி அந்தக் குட்டிப் பல்லை எடுத்துவிடலாம். சிக்கியிருக்கும் முன்பல்லின் வேர் முழுதாக வளராத வயதிலேயே எடுத்தால், இடமும் இருந்தால், பல நேரம் அது தானாகவே இறங்கிவிடும். பொறுமை வேண்டும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். தள்ளிப்போட்டால் உள்ளே இருக்கும் பல்லில் சங்கிலி ஒட்டி, கிளிப் போட்டு இழுக்க வேண்டிவரும். அதற்காகக் கூடுதல் பல் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. தொந்தரவு தராமல் ஆழத்தில் இருப்பதை விட்டுவைத்து, நீர்க்கட்டி வருகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டால் போதும்.

பல் குறைவாக இருப்பதும் உண்டு. ஞானப்பல்லை விட்டுவிட்டால், மேல் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும்தான் பெரும்பாலும் உருவாகாமல் போகும். பதிமூன்று வயதிலும் பால் பல் ஆடாமல் நிற்கிறதா? பிடுங்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். முதலில் ஓ.பி.ஜி., அதாவது இரு தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, எடுக்கட்டும். அடியில் நிலைப்பல் இல்லை என்றால், வேர் கரையாத அந்தப் பால் பல்லே பல ஆண்டுகள் உழைக்கும். பல பற்கள் சேர்ந்து இல்லாமல், முடியும் மெலிந்து, வியர்வையும் சரியாக வராத பிள்ளை என்றால் விஷயம் வேறு. அது எக்டோடெர்மல் டிஸ்பிளேசியாவாக, அதாவது பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாம் சரியாக உருவாகாத பிறவிக் குறையாக இருக்கலாம். வெயில் காலத்தில் உடம்பு கொதித்துவிடும், எனவே குழந்தைகள் மருத்துவரையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம், பல்லோடு பிறக்கும் குழந்தைகள். மேல்பல் முதலில் வந்தாலே தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள், பிறக்கும்போதே பல் இருந்தால் கேட்கவே வேண்டாம், அன்றைக்கே பிடுங்கச் சொல்வார்கள். மாமனுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரம் வந்துவிட்ட அசல் பால் பற்கள், பிடுங்கினால் ஆறேழு வயது வரை அங்கே பல் இருக்காது. தொண்டைக்குள் போகுமளவு ஆடினால் மட்டும் எடுக்க வேண்டும். மற்றபடி நாக்கின் அடியில் புண் வருகிறதா, பால் கொடுக்கும்போது அம்மாவுக்கு வலிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல்லின் கூர்மையைத் தேய்த்து மழுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.