பழைய மாருதி 800: ஸ்டியரிங்கில் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போகிறது?

1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை முப்பது வருடம் விற்றது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளில் பலவற்றின் ஸ்டியரிங், இரண்டு விரல்கடை திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி சொல்கிறது. "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பழகிக்கொள்பவர்கள் உண்டு. பழகிக்கொள்ளவே கூடாத கோளாறு இது. அதே சமயம், வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடக் கூடிய கோளாறும் இதுதான்.

ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினால் நீண்ட தண்டு சுழலும். அதன் அடியில் ஒரு ஜாயிண்ட், அதற்குக் கீழே பினியன் என்னும் சிறிய பல்சக்கரம். பினியன், ரேக் என்ற பல் வெட்டிய இரும்புக் கம்பியைக் கடித்து இடமும் வலமுமாக நகர்த்தும். ரேக்கின் இரு முனையிலும் ரேக் எண்ட் என்ற மூட்டு, அதிலிருந்து டை ராட் என்னும் கம்பி, அதன் வெளிமுனையில் டை ராட் எண்ட் என்ற இன்னொரு மூட்டு, கடைசியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். இத்தனை இணைப்பு தாண்டித்தான் கை அசைவு டயருக்குப் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வளையத்தின் விட்டம் 38 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 119 செ.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு ரேக் 4 செ.மீ. நகர்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரேக் பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும், வளையத்தின் விளிம்பில் அது 3 செ.மீ. வெற்று அசைவாகத் தெரியும். கையில் பெரிதாகத் தெரிகிற லூஸுக்குக் கீழே கண்ணுக்கே படாத தேய்மானம் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு இணைப்பிலும் கால் மில்லிமீட்டர் போனாலும், எல்லாம் சேர்ந்து அங்கேதான் வந்து நிற்கும்.

பட்டறையில் பலர் முதலில் கை வைப்பது ரேக்கின் அட்ஜஸ்டர் நட்டில். ரேக்கைப் பினியனோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்குவது அந்த நட்டு. ஐந்து நிமிட வேலை, கைக்கு உடனே இறுக்கமாகத் தெரியும். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. ரேக்கில் நடுப் பற்கள்தான் அதிகம் தேயும், ஓரப் பற்கள் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால் ஓரத்துக்குத் திரும்பும்போது ரேக் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வரவேண்டிய ஸ்டியரிங் வராது. லூஸான ஸ்டியரிங்கைவிட அது ஆபத்தானது. அட்ஜஸ்டர் கடைசியில் தொடவேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியது டை ராட் எண்டை. ஒரு கிண்ணத்துக்குள் உருளும் இரும்புக் குண்டு, சுற்றிலும் கிரீஸ், மேலே பூட் என்னும் ரப்பர் உறை. பூட் கிழிந்தால் கதை முடிந்தது. கிரீஸ் வெளியேறும், மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகும், புழுதி அரத்தைப்போல வேலை செய்யத் தொடங்கும். தேய்மானம் முற்றினால் குண்டு கிண்ணத்தை விட்டே கழன்றுவிடலாம். அப்புறம் அந்தச் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது. பூட் கிழிந்து, கை வைத்தாலே ஆடுகிற நிலையில் இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சரி, எது தேய்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். டயரின் பிடிப்பு எதிர்த்தால்தான் லூஸ் வெளியே வரும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் லாக்கை விடுவித்துவிட்டு, ஒருவர் வளையத்தை இரண்டு மூன்று செ.மீ. இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்டின் மீதும் விரலைக் குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதித்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். ரேக் எண்ட் ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும். உறையை அமுக்கிப் பிடித்தால் உள்ளே தட்டுவதை உணரலாம். பற்கள் நன்றாக இருந்தும் ரேக்கின் வெளிக்கூடே மொத்தமாக நகர்ந்தால், அதைத் தாங்கும் போல்ட்டோ புஷ் என்னும் ரப்பர் வளையமோ தளர்ந்திருக்கிறது.

அடுத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வேலை செய்யாதீர்கள்), சக்கரத்தைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். 12 மணி, 6 மணி இடங்களிலும் ஆடினால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் லோயர் ஆர்மின் (நக்கிளை அடியிலிருந்து பிடிக்கும் கையின்) பால் ஜாயிண்ட். பிரேக் மிதித்ததும் சக்கரமும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதால், நடுவில் இருக்கிற பேரிங்கின் லூஸ் மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

ப்ளே, அதாவது இந்த லூஸ், எதுவும் இல்லாமலே வண்டி அலைகிறதென்றால் டயர் காற்றும் அலைன்மென்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணமும்) பார்க்க வேண்டிய இடங்கள்.

டை ராட் எண்ட் மாற்றுவது எளிது. நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின்னைப் பிடுங்கி நட்டைத் தளர்த்தினாலும் அது சுலபத்தில் வராது, கூம்பு வடிவத்தில் இறுகியிருக்கும். மரையின் மீது சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். புல்லர் என்னும் இழுத்துக் கழற்றும் கருவி போட்டுக் கழற்றுவது நல்லது. பழையதைத் திருகி எடுக்குமுன் எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அதே அளவுக்குத் திருகுங்கள். லாக் நட்டை இறுக்கி, காட்டர் பின் புதிதாகவே போடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அலைன்மென்ட் பார்க்காமல் விடக்கூடாது. சில மில்லிமீட்டர் தப்பினாலும் டயர் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகும் ப்ளே மிச்சம் இருந்தால்தான் ரேக் அட்ஜஸ்டருக்கு வேலை. கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கடைசிவரை இரு பக்கமும் திருப்பி, எங்கும் பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.