கூழும் கூகுளும்

காய்ந்த பனங்கிழங்கான ஒடியலின் மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவது பற்றி இணையத்தில் போட எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாவது வரியிலேயே மறித்துவிட்டார். "ஏன் பிள்ளை, 'யாழ்ப்பாணக் கூழ்', 'யாழ்ப்பாணக் கூழ்' எண்டு எத்தினை தரம் சொல்லுறாய்? நாங்கள் கூழ் எண்டுதானே சொல்லுறனாங்கள்." அப்படி அடுக்கினால் கூகுளில் மேலே வரும் என்று ஒருவர் சொன்னதை நம்பி எழுதியது அது.

ஒரு காலத்தில் அது முழுப்பொய்யும் இல்லை. நாங்கள் ஒன்றைத் தட்டும்போது தேடுபொறி இணையம் முழுவதையும் புரட்டுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களை வாசித்து, தடித்த புத்தகங்களின் கடைசியில் இருக்கிற சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறது. சரி, 'கூழ்' வருகிற பக்கங்கள் கிடைத்துவிட்டன, எதை முதலில் காட்டுவது? அந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது என்பதற்கு ஆரம்பகாலப் பொறிகள் அதிக மதிப்புக் கொடுத்ததால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை வரிவரியாக ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் 1972இலேயே கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர் வேறொரு வழி காட்டியிருந்தார்: எங்கும் கிடக்கிற 'ஒரு', 'என்று' போன்ற சொற்களுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வருகிற சொல்லுக்கு அதிகம். பிறகு வந்த பிஎம்25 என்ற கணக்கில், திரும்பத் திரும்பச் சொல்வதன் பலன் வரவரத் தேய்ந்துவிடும். இரண்டாம் தரம் கொஞ்சம் கிடைக்கும், இருபதாம் தரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் வெளியிட்ட பேஜ்ராங்க் என்ற கணக்கு, எங்கள் ஊர்க் கலியாண விசாரிப்பேதான். மாப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதை யார் கேட்கிறார்கள்? நாலு பேர் மதிக்கிற பெரியவர் ஒருவர் 'நல்ல பொடியன்' என்றால் அதற்குத் தனி நிறை. அதே பெரியவர் காண்கிற பொடியன்மார் எல்லாரையும் நல்லவன் என்றால், அந்த நிறை அத்தனை பேருக்கும் பங்காகிவிடும். ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பையும் அப்படித்தான் கணக்கிட்டார்கள். பிறகு சிலர் இணைப்புகளைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள், அது வேறு கதை. 2011இல் கூகுள் செய்த பாண்டா என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது, 2012இல் பென்குயின் பொய் இணைப்புகளைப் பிடித்தது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். ஒடியற்கூழ், ஒடியல் கூழ் இரண்டும் எங்களுக்கு ஒன்று, எழுத்தை மட்டும் பார்க்கும் அடைவுக்கோ வேறுவேறு. கூழை, கூழுக்கு, கூழில் என்று உருபு ஒட்ட ஒட்ட இன்னும் பிரியும். மொழியைப் படித்த இப்போதைய கணினி மாதிரிகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் இரண்டு எழுத்துமுறையையும் ஆளுக்கொரு தரம் போட்டுவிடுவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றதை எல்லாம் அழித்து, பயிற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, நண்டு என்று சட்டிக்குள் போனதைப் போன ஒழுங்கில் எழுதினேன். அரிதான சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. அம்மா இந்த முறை கடைசிவரை கேட்டார்.

"மாவை ஊறப்போட்டுத் தண்ணியை வடிச்சதைக் காணேல்லை. இதைப் பாத்துக் காய்ச்சினால் கசக்கும்."