டெலிட்: நீக்குவதா, அழிப்பதா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. இரண்டு வருடமாகச் சரக்கு எடுக்காத ஒருவரின் பெயரைக் கணினியிலிருந்து எடுக்கப் போனார், அங்கே கணக்குப் பார்க்கும் தம்பி. திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. 'இந்தப் பதிவோடு தொடர்புடைய மற்ற அட்டவணைகளின் பதிவுகளும் டெலிட் ஆகும், தொடரலாமா?' என்பது அதன் பொருள். 'எஸ்' கொடுத்துவிட்டார்.

"பேரைத்தான் எடுத்தேன்ணே, அவரு பில்லெல்லாம் சேந்து போயிருச்சு" என்று என்னிடம் போனில் சொன்னபோது அவருக்குக் குரலே எழவில்லை. அதில் பாக்கி நின்ற பில்களும் உண்டு. முந்தின நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் கணக்கு மீண்டது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். டெலிட் என்றால் 'நீக்கு' என்றுதான் நம் செல்போன் திரைகள் சொல்லித் தந்திருக்கின்றன. நீக்குதல் என்பது 'நீங்கு' என்பதன் பிறவினை. இருந்த இடத்தைவிட்டு விலகச் செய்வது. மகளுக்குக் கல்யாணமானதும் ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் செய்கிறோம். புகுந்த வீட்டுக் கார்டில் அதே பெயர் ஏறுகிறது. பெயரை 'அழித்தோம்' என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை.

டெலிட்டின் வேரோ லத்தீன் 'டெலேரெ'. துடைத்து இல்லாமலாக்குதல் என்று பொருள். தேர்தலில் விரலில் வைக்கும் மைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'இன்டெலிபிள்' என்ற சொல்லும் அந்த வேரில் கிளைத்ததுதான். அதை நாம் 'அழியாத மை' என்கிறோம், 'நீங்காத மை' என்பதில்லை. சிலேட்டை அழி, கோலத்தை அழிக்காதே என்று வீட்டில் புழங்கும் அந்தச் சொல்தான் டெலிட்டுக்கு நேரானது.

சில மென்பொருள்கள் பதிவை எடுக்காமல் 'செயலில் இல்லை' என்று குறியிட்டுப் பட்டியலில் மறைத்துவைக்கும். பிறகு திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு 'நீக்கு' பொருந்தும். பேக்கப் இல்லாமல் மீட்க முடியாததற்கு 'அழி' என்றே எழுத வேண்டும். படித்ததும் கை தயங்கும்.

கடையில் வந்த செய்தி சொன்ன செயலுக்கு 'கேஸ்கேட் டெலிட்' என்று பெயர். விழுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த 'கேஸ்கேட்' அடுக்கடுக்காக விழும் அருவி. தாய்ப் பதிவு, அதாவது இங்கே அந்தப் பெயர், போனால் அதைப் பற்றி நிற்கும் பில்களும் போகும். 'தொடர் அழிப்பு' என்பேன். இதற்கு எதிரான அமைப்பும் உண்டு: பில் இருக்கும்வரை பெயரை எடுக்க முடியாது என்று மென்பொருளே மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பிழை என்று நினைத்து ஆள் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அது காவல்.

'ரத்து' வேறு. அரபி 'ரத்' வழியாக வந்த சொல். பில் புக்கில் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதுவோம், தாளைக் கிழிக்க மாட்டோம். டேலி என்ற கணக்கு மென்பொருளிலும் அப்படித்தான்: வவுச்சரை, அதாவது ஒரு வரவு செலவுப் பதிவை, ரத்து செய்தால் எண் நிற்கும், தொகை போகும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டவிதி.

அந்தக் கடைக் கணினியின் ஓரத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: 'இவர் பெயரோடு இவருடைய பில்கள் எல்லாமும் அழியும். மீட்க முடியாது. அழிக்கவா?'