கும்பல் தலைவனின் பெயரில் எதுவும் இருப்பதில்லை

1930களின் சிக்காகோ, 1940களின் லொஸ் ஏஞ்சல்ஸ் என்று பழைய காலத்தை எடுத்துக்கொண்டு பொலிஸும் கும்பலும் மோதும் ஆங்கிலப் படங்கள் இப்போது தமிழ்க் குரலோடு எல்லாக் கைபேசியிலும் கிடைக்கின்றன. பரந்தனிலும் மல்லாவியிலும் பெடியள் விரும்பிப் பார்க்கிறார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஊர் முழுக்க விலைபோய்விட்டது, நேர்மையான ஓர் அதிகாரி நாலைந்து பேரைச் சேர்க்கிறார், சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கதவை உடைக்கிறார், கடைசியில் தலைவன் விலங்கோடு நிற்கிறான். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தலைவர்கள் உண்மையில் விழுந்த விதத்தை இந்தப் படங்கள் ஒதுக்கிவிடுகின்றன. இன்றைய வன்னிக்கு வேண்டியதும் அந்த ஒதுக்கப்பட்ட பகுதிதான்.

அல் கபோனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை இருந்தது. சிக்காகோவின் கள்ளச்சாராயமும் சூதாட்டமும் அவன் கையில் இருந்தன. ஆனால் அவன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. மயாமியில் வாங்கிய வீடுகூட மனைவி பெயரில். மதுவிலக்கு அதிகாரிகள் சாராய ஆலைகளை உடைத்துத் தள்ளினார்கள், ஆனாலும் அந்தச் சாராய வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவனைச் சிறைக்கு அனுப்பியது வருமான வரி வழக்கு. சட்டவிரோதமாக உழைத்த பணத்துக்கும் வரி உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927இல் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திறைசேரியின் புலனாய்வாளர் பிராங்க் வில்சன் வேலையைத் தொடங்கினார்.

1926இல் சிசெரோ என்ற ஊரில் கபோனின் ஒரு சூதாட்ட நிலையத்தைச் சோதனையிட்டபோது எடுத்த கணக்குப் புத்தகம், யாரும் திறந்து பார்க்காமல் ஒரு அலுமாரியில் பல வருடம் கிடந்தது. வில்சன் அதைக் கண்டெடுத்து, உள்ளே இருந்த கையெழுத்தை ஒவ்வொரு ஆளின் கையெழுத்தோடும் ஒப்பிட்டார். அது லெஸ்லி ஷம்வே என்ற கணக்காளருடையது. அவரையும் காசாளர் பிரெட் ரீஸையும் தேடிப் பிடித்தார்கள். தந்தி வழி வந்த பணம், தளபாடக் கடைப் பில், தொலைபேசிப் பில் என்று செலவுகளைக் கூட்டி, இவ்வளவு செலவழிக்கும் ஆளுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். 1931 ஒக்டோபரில் 11 வருடச் சிறையும் 50,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. லொஸ் ஏஞ்சல்ஸின் கும்பல் தலைவன் மிக்கி கோஹனும் அப்படித்தான், 1951இலும் 1961இலும் வரி ஏய்ப்புக்காகவே உள்ளே போனான்.

படங்களில் வரும் குறுக்குவழிப் பொலிஸ் நம் நீதிமன்றத்தில் நின்றுபிடிக்காது. அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் வழக்கைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. போதைப்பொருள் வழக்கு இதைவிட நுணுக்கமானது. ஹெரோயின் 2 கிராம், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் 5 கிராம் என்ற அளவைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற கட்டத்துக்கு வழக்குப் போய்விடும். அதனால் எடை எங்கே, எந்தத் தராசில், யார் முன்னால் பார்க்கப்பட்டது, பொதி எப்போது முத்திரை வைக்கப்பட்டது, அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகும்வரை யார் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொரு கட்டமும் கேட்கப்படும். ஒரு கண்ணி அறுந்தாலும் குற்றவாளி வெளியே வந்துவிடுவான். ஆவேசமாகக் கதவை உடைத்த அதிகாரியால் அதைத் தடுக்க முடியாது, குறிப்பேட்டில் நேரத்தைச் சரியாக எழுதிய அதிகாரியால் முடியும்.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே கஞ்சா, ஐஸ், கசிப்பு, களவாக அள்ளும் மணல் எல்லாவற்றுக்கும் பின்னால் காசு ஓடுகிறது. அந்தக் காசு போய்ச் சேர ஒரு பெயர் வேண்டும். கபோன் மனைவியின் பெயரைப் பயன்படுத்தினான், இங்கே வேலை தேடி அலையும் ஒரு பெடியனின் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். பேச்சு இப்படித்தான் தொடங்கும்: ‘தம்பி, உன்ரை கார்ட் சும்மாதானே கிடக்கு. கொஞ்சநாளைக்குத் தா, மாசம் பத்தாயிரம் தாறன். பின் நம்பரை மட்டும் சொல்லு.’ கேட்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். ஒன்றாகப் பந்தடித்தவர், ஒரே ஒழுங்கையில் இருப்பவர். வெளிநாட்டிலிருந்து மச்சான் காசு போட வேண்டும், என்னுடைய கணக்கில் ஏதோ பிரச்சினை என்று காரணமும் சொல்வார்.

அப்படிக் கொடுத்த கணக்கின் கூற்றை அச்சிட்டு மேசையில் வைத்தால் நிலைமை சில நிமிடத்தில் விளங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு வைப்பு இயந்திரத்தில் 5,000. அரை மணியில் இன்னொரு ஊரிலிருந்து 3,000. பிறகு 7,500, 5,000, 5,000. போட்டவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள், ஒருவருக்கும் கணக்குக்காரரைத் தெரியாது. இரவு பத்து மணிக்குப் பின் ஏ.ரி.எம்மில் அட்டை அனுமதிக்கும் உச்ச அளவு எடுக்கப்பட்டிருக்கும், நள்ளிரவு தாண்டி நாள் மாறியதும் மறுபடியும். மீதியாக நூறு இருநூறு ரூபாய். மாதம் முழுவதும் இதே கோலம்.

பத்து இலட்சத்துக்குக் குறைந்த தொகை யார் கண்ணிலும் படாது என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. அது பிழை. பத்து இலட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குக் கட்டாயம் அறிவிக்கும். ஆனால் சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கலை அறிவிக்க, 2006இன் 6ஆம் இலக்கச் சட்டத்தில், தொகைக் கட்டுப்பாடே இல்லை. மாணவர் என்றோ கூலித் தொழிலாளி என்றோ படிவத்தில் எழுதிய ஒருவரின் கணக்கில் மேலே சொன்ன கோலம் தெரிந்தால் அதுவே போதும்.

பிடிபட்டால் பொருந்துவது 2006இன் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், அதாவது குற்றத்தால் வந்த காசை நல்ல காசாக மாற்றுவதைத் தடுக்கும் சட்டம். 5 முதல் 20 வருடம் வரை சிறை, அல்லது சம்பந்தப்பட்ட சொத்தின் பெறுமதிக்குக் குறையாமல் அதன் மூன்று மடங்குவரை தண்டம், அல்லது இரண்டும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தெரிந்திருந்தால் மட்டும் குற்றம் என்று சட்டம் நிற்கவில்லை, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தாலும் குற்றம் என்கிறது. அட்டையைச் சும்மா வைத்திருக்க மாதம் பத்தாயிரம் ஏன் தருகிறார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. தெரிந்த வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து குற்றத்தால் வந்தது என்றே, மறுத்து நிரூபிக்கும்வரை, கொள்ளப்படும். அட்டையை வாங்கிய ஆளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லாததால் முதலில் விளக்கமறியலுக்குப் போவது கணக்குக்காரர்தான். இதில் எங்களுக்கு ஆகக் கவலை தருவது, பலர் கொடுத்தது தங்கள் சொந்தக் கணக்கையல்ல, அம்மாவின் கணக்கை என்பதுதான். வாழ்வாதார உதவி வந்த அதே கணக்கு முடக்கப்பட்டு, கையெழுத்து வைக்கவே கஷ்டப்படும் ஒரு அம்மா நீதிமன்றப் படியேறுகிறார்.

சிம்முக்கும் இதே கதிதான். உங்கள் அடையாள அட்டையில் எத்தனை இலக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதை #132# அழுத்திப் பார்க்கலாம். உங்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். தெரியாத இலக்கம் இருந்தால் நிறுவனத்தின் கிளைக்குப் போய் நீக்கச் சொல்லி, நீக்கியதற்கு எழுத்தில் ஏதாவது வாங்குங்கள். மோட்டார் சைக்கிளையோ டிப்பரையோ ‘ஓப்பன் பேப்பரில்’, அதாவது உரிமை மாற்றத்தைப் பதியாமல், விற்பது இன்னொரு பொறி. மணலோடு பிடிபடும் டிப்பரின் பதிவில் உங்கள் பெயர் இருந்தால் பொலிஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். உரிமை மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகும்வரை விற்பனை முடியவில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே அட்டையைக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் இணைய வழி வசதியையும் நிறுத்துவது. பேசிய நேரத்தையும் அவர்கள் தரும் குறிப்பு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அதே நாளில் கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம், பிரதியில் திகதி முத்திரையோடு. கணக்கில் கிடக்கும் காசை எடுக்கவும் வேண்டாம், ‘திருப்பி அனுப்பு’ என்று யாராவது கேட்டால் அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் அதுவும் இன்னொரு கொடுக்கல்வாங்கல் ஆகிவிடும். வட்ஸ்அப் செய்திகளைப் பயத்தில் அழிப்பவர்கள் அதிகம். உங்களை ஏமாற்றியதற்கு இருக்கும் ஒரே சான்று அதுதான், போனையே மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். தமிழில் பதியக் கேளுங்கள். அது முடியாதென்றால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற வரியையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டின் பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அதை மீறினாலோ அடித்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழைக்கலாம்.

அட்டையை வாங்கியவரின் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. காசாளர் ரீஸையும் வழக்கு வரும்வரை தென் அமெரிக்காவுக்கு அனுப்பித்தான் காப்பாற்றினார்கள். நம் நாட்டில் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாட்சியை மிரட்டுவது அதன் கீழ் தனிக் குற்றம். நீதிமன்றத்துக்கு நேரே வராமல் வேறோர் இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் அதில் இடமுண்டு. பாதுகாப்புக் கேட்டு எழுதும்போது ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த இலக்கத்திலிருந்து என்ன சொல்லி மிரட்டினார்கள், வந்த வாகனத்தின் இலக்கம் என்ன, அதைப் பார்த்தவர் யார் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.