2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ரிப்பேர்

2023 நவம்பர் 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் உளற ஆரம்பித்தது. சிக்னல் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதில் விஷயம் எதுவும் இல்லை. 0, 1 என்று ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தது. 1977இல் ஏவிய கலம். பூமியிலிருந்து சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேர 22.5 மணி நேரம், பதில் திரும்ப இன்னொரு 22.5 மணி நேரம். ஸ்க்ரூடிரைவரோடு யாரையும் அனுப்பவும் முடியாது.

நாசா பொறியாளர்களின் முதல் வேலை, பழுது எங்கே என்று இடத்தைக் குறுக்குவது. அனுப்பிய கட்டளைகளைக் கலம் ஒழுங்காக ஏற்றுக்கொண்டது. ஆக, காது கேட்கிறது, பேச்சில்தான் கோளாறு. அளவீடுகளைத் திரட்டிப் பொட்டலம் கட்டி அனுப்பும் கணினியின் மேல் சந்தேகம் விழுந்தது. அதை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்த்தார்கள், பலனில்லை. கையில் இருந்ததோ பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காகிதங்கள். அவற்றை எழுதியவர்கள் இப்படியொரு கோளாறை நினைத்துப் பார்த்தவர்கள் அல்லர்.

2024 மார்ச் 1 அன்று, மென்பொருளின் வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் ஓடிப் பார்க்கும்படி அந்தக் கணினிக்கு ஒரு கட்டளை போனது. மார்ச் 3 அன்று வந்த சிக்னலின் ஒரு பகுதி மட்டும் வித்தியாசமாக இருந்தது. ஒரு பொறியாளர் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தால், கணினியின் நினைவகம் முழுக்க அப்படியே அதில் இருக்கிறது! என்னைக் கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. கோளாறுக்கு முன்பு வந்திருந்த பிரதியோடு ஒப்பிட்டார்கள். சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சிப். விண்வெளித் துகள் ஏதாவது தாக்கியிருக்கலாம், அல்லது 46 வருட உழைப்பில் ஓய்ந்திருக்கலாம்.

சரி, அந்த சிப்பில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமே? அதை மொத்தமாக வைக்கப் போதுமான காலியிடம் நினைவகத்தில் எங்குமே இல்லை. எனவே துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் செருகினார்கள். வெட்டுவது சுலபம். ஆனால் நிரலில் 'அடுத்து இந்த முகவரிக்குப் போ' என்று ஆங்காங்கே எழுதியிருக்கும். வீடு மாறினால் கேஸ், பேங்க், ரேஷன் என்று எல்லா இடத்திலும் விலாசத்தை மாற்றுவோமே, அதுபோல நினைவகத்தின் மற்ற பகுதிகளில் உள்ள பழைய முகவரிகளையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நிரல் எங்கோ போய் முட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றவும் அவர்கள் துணியவில்லை. கலத்தின் உடல்நிலையைச் சொல்லும் தகவல்களைக் கையாளும் துண்டுதான் முதலில், ஏப்ரல் 18 அன்று, போனது. 20ஆம் தேதி புரியும்படியாகப் பதில் வந்தது. அப்புறம்தான் அறிவியல் கருவிகளின் பக்கம் போனார்கள். மே மாதம் இரண்டு கருவிகள் பேசின, ஜூனில் நான்குமே.