‘ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்’: ஆங்கிலக் கோபத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அற்பக் காரணத்துக்குத் திடீரென்று கோபத்தில் கத்துகிறவரை ஆங்கிலத்தில் ‘ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிடியை விட்டுப் பறந்தார்’ என்று வரும். இந்த ஹேண்டில் எந்தப் பிடி என்று தெரிந்தால்தான் பொருள் விளங்கும். அது கோடரிக் காம்பு.

காம்பு மரத்தால் ஆனது. வெயிலில் காய்ந்தால் சுருங்கி, இரும்புக்கும் காம்புக்கும் நடுவே இடைவெளி விழும். அதைக் கவனிக்காமல் ஓங்கி வெட்டினால் இரும்புத் தலை கழன்று போய்விடும். எந்தப் பக்கம் போகும், யார் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊரில் மண்வெட்டி இப்படி ஆடினால் ஆப்பு வைத்து இறுக்குவார்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காம்பு உப்பிக்கொண்டு இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் காட்டை வெட்டித்தான் வீடும் வயலும் எழுந்தன. அந்த மரவெட்டிகளுக்குக் கழன்று பறக்கும் கோடரித் தலை தினமும் எதிரே நின்ற ஆபத்து. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நீதிபதியாக இருந்த தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன், 1840களில் எழுதிய நகைச்சுவைக் கதைகளில் கடிகார வியாபாரி சாம் ஸ்லிக்கின் பேச்சில் இந்தத் தொடர் வருகிறது.

ஆகவே இதில் மூன்று விஷயம் இருக்கிறது: கோபம் திடீரென்று வர வேண்டும், காரணம் சின்னதாக இருக்க வேண்டும், கட்டுப்பாடு போக வேண்டும். ‘ஆத்திரமடைந்தார்’ என்று எழுதினால் கோபம் தெரியும், வேகம் தெரியாது. ‘எகிறினார்’ என்று சொல்லிப் பாருங்கள். எகிறுவது துள்ளி மேலே கிளம்புவது. கழன்ற இரும்பு எகிறும், கோபக்காரரும் எகிறுவார். ஆங்கிலத்தில் இருக்கும் அசைவு அப்படியே இதிலும் இருக்கிறது. ‘ஒன்றுமில்லாததுக்கு எகிறிவிட்டார்’ என்றால் மூன்றும் வந்துவிடும். பேச்சிலேயே கடித்து வைக்கிற கோபம் என்றால் ‘வள்ளென்று விழுந்தார்’, ‘எரிந்து விழுந்தார்’. இவை பேச்சுவழக்கு என்று எழுத்தில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆங்கிலத் தொடரும் மரவெட்டியின் பேச்சிலிருந்து வந்ததுதான். ஈடு தேடும்போது நாமும் அந்தத் தளத்தில்தான் தேட வேண்டும்.

அடுத்து, பலரையும் ஏமாற்றுகிற ஒரு சொல்: ஃப்யூஸ். ‘ப்ளோ எ ஃப்யூஸ்’ என்றாலும் கோபம், ‘ஷார்ட் ஃப்யூஸ்’ என்றாலும் கோபம். ஆனால் இரண்டு ஃப்யூஸும் ஒன்றல்ல. முதலாவது மின்சார ஃப்யூஸ். மின்னோட்டம் அளவு மீறினால் உள்ளே இருக்கும் கம்பி உருகி அறுந்துவிடும். லத்தீனில் உருக்குவது, வார்ப்பது என்று பொருள்படும் ‘ஃபுண்டெரே’தான் இதன் வேர். இரண்டாவது வெடியின் திரி. இது நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் ‘ஃபூசுஸ்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது. திரி குட்டையாக இருந்தால் பற்றவைத்தவர் ஓடி ஒளிவதற்குள் வெடித்துவிடும். அப்படிப்பட்ட மனிதர்தான் ‘ஷார்ட் ஃப்யூஸ்’.

இதற்குத் தமிழில் முன்கோபம், முன்கோபி என்று கச்சிதமான சொற்கள் இருக்கின்றன. யோசனைக்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. ‘மூக்குக்கு மேல் கோபம்’ என்றாலும் சரிதான். ஆனால் மின்சார ஃப்யூஸை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பொருள் தலைகீழாகிவிடும். நம் பேச்சில் ‘ஃப்யூஸ் போன பல்பு’ என்றால் ஓய்ந்துபோனவர், இனி ஒன்றுக்கும் ஆகாதவர். ‘ப்ளோ எ ஃப்யூஸ்’ என்பதற்கு ‘வெடித்தார்’ என்று எழுதலாம். அடக்கி வைத்தது அளவு மீறியது என்று காட்ட வேண்டுமானால் ‘பொங்கிவிட்டார்’.

‘லெட் ஆஃப் ஸ்டீம்’ நீராவி எஞ்சின் காலத்துத் தொடர். கொதிகலனில் அழுத்தம் கூடினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீராவியை வெளியே விடும். இல்லாவிட்டால் கலன் வெடிக்கும். மனதில் இருந்ததை எல்லாம் ‘கொட்டித் தீர்த்தார்’ என்பது இதற்குப் போதும். ‘ஹிட் தி ரூஃப்’ என்பதில் கோபக்காரர் குதிக்கிற குதியில் தலை கூரையில் முட்டுகிறது. நாமும் ‘தாம்தூம் என்று குதித்தார்’, ‘வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்’ என்கிறோம். நம் குதிக்குக் கூரைகூடக் கிடையாது.

‘சீ ரெட்’ என்பதற்கு வருவோம். சிவப்பைக் கண்டார், அதாவது கண்மண் தெரியாத கோபத்துக்கு ஆளானார். ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையில் சிவப்புத் துணியைக் கண்டு காளை பாய்கிறதே, அதிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் மாட்டின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகள்தான் இருக்கின்றன. சிவப்பு அதற்கு நமக்குத் தெரிவதுபோல் தனித்துத் தெரியாது. துணியின் அசைவுதான் அதைப் பாயச் செய்கிறது. சண்டையின் முதல் கட்டத்தில் வீரர் வீசும் பெரிய துணி ஒரு பக்கம் அடர் ரோஜா நிறம், மறுபக்கம் பெரும்பாலும் மஞ்சள். காளை அதன் மேலும் பாயத்தான் செய்கிறது. சிவப்புத் துணி கடைசிக் கட்டத்தில்தான் வரும்.

நிறத்தையும் கோபத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. வெகுளி என்றால் இங்கே கோபம். முதலில் இரண்டு சொல்லுக்கும் வெகுளி என்ற பொருளைச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் இவை நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்கிறார் தொல்காப்பியர். இந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதற்காக ‘சீ ரெட்’ வருகிற இடத்தில் எல்லாம் ‘கண் சிவந்தது’ என்று போட்டுவிட முடியாது. கண் சிவப்பது எதிரே நிற்பவருக்குத் தெரிவது. ‘சீ ரெட்’ கோபப்பட்டவருக்கே உள்ளே நடப்பது. அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ‘கோபம் கண்ணை மறைத்துவிட்டது’ என்பதே சரியான ஈடு.

‘லூஸ் ஒன்ஸ் டெம்பர்’ என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டெம்பர் என்றால் கோபம் என்றுதான் இன்று நினைக்கிறோம். அப்படியானால் கோபத்தை இழந்தவர் சாந்தமாக அல்லவா இருக்க வேண்டும்? லத்தீனில் ‘டெம்பெராரே’ என்றால் சரியான அளவில் கலப்பது. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் உடலில் அளவாகக் கலந்திருக்க வேண்டும் என்றது பழைய ஐரோப்பிய மருத்துவம். அந்தக் கலவையின் சமநிலைதான் டெம்பர். அதை இழந்தவர் கோபக்காரர். காலப்போக்கில் இழக்கிற பொருளின் பெயரே கோபத்துக்கும் ஆகிவிட்டது. தமிழில் ‘நிதானம் இழந்தார்’ என்பது மூலப்பொருளையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. பித்தத்தை வைத்து ஈடு தேடப் போகாதீர்கள். ‘பித்தம் தலைக்கேறியது’ என்றால் தமிழ்க் காதுக்குக் கோபம் கேட்காது, பைத்தியம்தான் கேட்கும்.

இவை எல்லாம் வெளியே தெரிகிற கோபங்கள். வெளியே காட்டாமல் நாள்கணக்கில் உள்ளே வைத்திருக்கும் கோபத்துக்கு ஆங்கிலத்தில் ‘நர்ஸ் எ க்ரட்ஜ்’ என்று இருக்கிறது. நோயாளியைப் போலவோ குழந்தையைப் போலவோ பகையைப் பேணி வளர்ப்பது. இதற்கு ‘வன்மம் வைத்திருக்கிறார்’ என்று எழுதுவது வழக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது ‘கறுவுகிறார்’. தொல்காப்பியர் சொன்ன கறுப்போடு உறவுள்ள சொல் இது. கறுப்பு என்றால் இன்று நிறம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ‘அவன் உள்ளுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்று சொன்னால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.